மான்விழியும் கழுதைப்புலியும்

என் கைப்பேசியின் முகப்பில் ஏறக்குறைய ஒரு வருடம் ஒரு கரடி இருந்தது. பழுப்புக் கரடி. அதன் தோளில் தலை சாய்த்தபடி, தரையில் புரளும் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். பின்னால் மூடுபனியும் நெடுமரங்களும். இணையத்தில் கொஞ்சம் அலைந்தவர்கள் இந்த வகைப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். கண்ணில் பட்டவர்கள் எல்லாம் "நல்லா இருக்கே, எனக்கும் அனுப்பு" என்றார்கள். அனுப்பினேன். அவர்கள் கைப்பேசியிலும் கரடி குடியேறியது.

ஒரு தோழி மட்டும் கைப்பேசியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதுல கரடிக்கு என்ன வேலை?"

சிவபூஜையில் நுழைந்த கரடிக்குக்கூட நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. இந்தக் கரடிக்கு என்னிடம் பதில் இல்லை. "இயற்கை, பெண், ரெண்டும்…" என்று எதையோ ஆரம்பித்தேன். "சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன வேலை?" என்றாள். அதற்கும் இல்லை. அன்றிலிருந்து பெண்ணும் காட்டு விலங்கும் ஒன்றாக இருக்கும் எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்தச் சிற்பத்தைப் பார்த்தாலும், இந்த இரண்டு கேள்விகளும் முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன. அப்படிப் பார்த்ததில் தேறியவற்றையும் தேறாதவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்கலாம். பெண்ணுக்கு விலங்கு கொடுப்பதில் தமிழ்க் கவிகள் கஞ்சத்தனம் காட்டவில்லை. மான்விழி, மயில் சாயல், அன்ன நடை, குயில் குரல், கொஞ்சம் கம்பீரம் வேண்டுமென்றால் பிடி நடை. ஆணுக்குப் புலி, சிங்கம், காளை, களிறு. பங்கீடு எப்படி நடந்திருக்கிறது பாருங்கள். அவளுக்குக் கிடைத்தவை எல்லாம் பார்க்க இனியவை, பெரும்பாலும் பயந்து ஓடுபவை. முறத்தால் புலியை விரட்டிய பெண் என்று பெருமையாகச் சொல்வோம். அங்கேயும் புலி எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. அவள் கையில் இருப்பது முறம்.

உவமையாக வந்த விலங்குக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கண்ணை மட்டும் கொடுத்துவிட்டு மான் போய்விட வேண்டும். அது எங்கே மேய்ந்தது, எதற்காக மிரண்டது, அதன் குட்டி என்ன ஆயிற்று, எதுவும் பாட்டுக்குத் தேவையில்லை.

மேற்கத்திய ஓவிய மரபிலும் கதை ஏறக்குறைய இதேதான். கிரேக்கப் புராணத்தில் லீடா என்ற பெண்ணிடம் அன்னமாக வருவதும், யூரோப்பா என்ற இளவரசியைக் காளையாக முதுகில் ஏற்றிக் கடத்திப் போவதும் ஜீயஸ் என்ற ஒரே கடவுள். ஏவாளிடம் வந்தது பாம்பு. விலங்கு என்பது ஆணோ கடவுளோ சாத்தானோ போட்டுக்கொண்ட வேடம். பெண் என்பவள் அந்த வேடத்திடம் அகப்பட்டவள். பல நூறு வருடங்கள் இதையே திரும்பத் திரும்ப வரைந்தார்கள். வரைந்தவர்கள் அநேகமாக ஆண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பெண் விலங்குகளை நேரில் பார்த்து வரைய வேண்டுமென்றாலே எவ்வளவு சிரமம் இருந்தது என்பதற்கு ரோசா பொனேர் ஒருவர் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர். குதிரைச் சந்தைகளிலும் இறைச்சிக் கொட்டில்களிலும் நின்று வரைய நீளப் பாவாடை சரிப்படாது. ஆண்கள் அணியும் கால்சட்டையைப் போட்டுக்கொள்ள அவர் பாரிஸ் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1857ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அனுமதி அது. பிற்காலத்தில் தன் வீட்டிலேயே பெண் சிங்கம் வளர்த்தவருக்குக் கால்சட்டைக்கு அனுமதி!

விலங்கைத் தானே தேர்ந்தெடுத்த பெண் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் லியோனோரா காரிங்டன். 1937–38 வாக்கில், இருபது வயதை ஒட்டி அவர் வரைந்த தன்னுருவப் படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல நாற்காலியின் நுனியில், வெள்ளைக் குதிரையேற்றக் கால்சட்டையில், சிங்கப் பிடரிபோல் சிலிர்த்த முடியோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கை நீளும் திசையில் ஒரு பெண் கழுதைப்புலி. பால் கட்டிய மடி. அவரும் அதுவும் ஒரே மாதிரி நம்மையே பார்க்கிறார்கள். பின்சுவரில் பொம்மை வெள்ளைக் குதிரை, சன்னலுக்கு வெளியே நிஜமான வெள்ளைக் குதிரை பாய்ந்து ஓடுகிறது.

கழுதைப்புலி என்ற பெயரைப் பாருங்கள். கழுதையும் இல்லை, புலியும் இல்லை; இரண்டின் மரியாதையும் கிடைக்காமல் போன விலங்கு. பிணம் தின்னி, கோழை, அழகற்றது என்று எந்த ஊரிலும் அதற்கு நல்ல பெயர் கிடையாது. எந்தக் கவிஞனும் காதலிக்குக் கொடுக்க மாட்டான். செல்வக் குடும்பத்தில் பிறந்து, அரசவை விருந்துகளுக்காக அலங்கரித்து அனுப்பப்பட்ட அந்த இளம்பெண், அழகான விலங்குகள் அத்தனையையும் விட்டுவிட்டு இதைக் கூப்பிட்டிருக்கிறார். தனக்குப் பதிலாக ஒரு கழுதைப்புலியை நடன விருந்துக்கு அனுப்பிவிடும் பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதையும் எழுதினார். புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டங்களில் பெண்தான் பெரிது, ஆள்வதும் பெண்தான் என்பது உயிரியலாளர்கள் சொல்லும் செய்தி. காரிங்டனுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்தக் கண்களைப் பார்த்தாலே போதும்.

ஃப்ரீடா காலோவின் மான் வேறு மாதிரி. 1946இல் வரைந்த சின்னஞ்சிறு படம், ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்த அளவுகூட இராது. மானின் உடம்பு, காலோவின் முகம், உடம்பெங்கும் ஒன்பது அம்புகள். மான்விழி என்று பாடிய நம் கவிகளுக்குப் பழக்கமான மான்தானே என்று நினைத்தால், தலையில் கிளைத்த கொம்புகள். இது பிணைமான் இல்லை. தமிழில் ஆண்மானுக்குக் 'கலை' என்று ஒரு பெயர் உண்டு. முதுகெலும்பு நொறுங்கி, அறுவை மேல் அறுவை கண்ட ஒரு பெண் தன்னைக் கலையாக வரைந்துகொண்டார் என்பதைத் தமிழில் மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும். மெக்சிகோக்காரருக்கு இந்தச் சிலேடை கிடைக்காமல் போனது அவர் துரதிர்ஷ்டம்.

இந்த இருவரையும் தற்காலக் கலைஞர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வந்தவர்களுக்குக் காட்டுப் பாதையை வெட்டி வைத்தவர்கள் இவர்கள். அந்தப் பாதையில் மிகத் தூரம் போனவர் என்று நான் நினைப்பது கிகி ஸ்மித்தை.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை எல்லோருக்கும் தெரியும். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ அச்சில் கொண்டுவந்தபோது ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, அத்தோடு கதை முடிந்தது. 1812இல் கிரிம் சகோதரர்கள் அதையே சொல்லும்போது ஒரு வேட்டைக்காரன் வருகிறான், கத்தரிக்கோலால் வயிற்றைக் கீறிச் சிறுமியை வெளியே எடுக்கிறான். கிகி ஸ்மித் 2001இல் வார்த்த வெண்கலச் சிற்பத்தில் ஓநாய் மல்லாந்து கிடக்கிறது. திறந்த வயிற்றுக்குள்ளிருந்து, வளர்ந்த ஒரு பெண் நிமிர்ந்த தலையோடு காலெடுத்து வைத்து வெளியே வருகிறாள். சிறுமி இல்லை, உள்ளேயே வளர்ந்துவிட்டவள்போல் இருக்கிறாள். முக்கியமாக, வேட்டைக்காரனைக் காணோம். கத்தரிக்கோலும் இல்லை. ஓநாயின் வயிறு கருப்பைபோல் ஆகிவிடுகிறது.

அடுத்த வருடமே இன்னொரு சிற்பம். இம்முறை ஒரு பெண்மான் ஈனுகிறது; அதன் பின்புறமிருந்து பிறந்து விழுபவள் முழுவளர்ச்சி அடைந்த மனுஷி. பிறக்கும் உயிர் தாயை ஒத்த அளவில் இருக்கிறது. இதை முதன்முதலில் புகைப்படத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு சங்கடம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: மானிடம் கண்ணைக் கடன் வாங்கியவள் இல்லை இவள். மான்தான் இவளைப் பெற்றிருக்கிறது. கடனை உறவாக மாற்றிவிட்டார் ஸ்மித்.

ஆனால் நான் அதிக நேரம் செலவிட்டது அவருடைய ஒரு வரைபடத்தோடு. அதுவும் 2001தான். ஆளுயரத்துக்கும் பெரிய தாளில் மையும் பென்சிலும். ஆடையில்லாத ஒரு பெண் ஓநாயை அணைத்துப் படுத்திருக்கிறாள். என் கைப்பேசிக் கரடியும் இதே காட்சிதான் என்று தோழியிடம் வாதாடிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகவே. கரடிப் படத்தில் பெண் நமக்காகச் சாய்ந்திருக்கிறாள். முகம் எந்தக் கோணத்தில் ஒளி வாங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்மித்தின் பெண் யாருக்காகவும் படுத்திருக்கவில்லை. தாளில் மடிப்புகள், ஒட்டுகள், கசங்கல்கள். ஓநாயின் மயிரை இழுத்த அதே கோட்டில் அவள் தோலும் போகிறது.

பெண் விலங்காவதில் எல்லாமே இப்படி மென்மையாக நடப்பதில்லை. பவுலா ரேகோ 1994இல் வரைந்த 'நாய்ப் பெண்' என்ற பாஸ்டல் ஓவியத்தில் ஒரு பெண் தரையில் குந்தி, வாயைப் பிளந்து உறுமுகிறாள். நாய் காட்டு விலங்கு இல்லைதான். ஆனால் அந்த வாயைப் பார்த்தால் வீட்டு விலங்கு என்று சொல்லவும் துணிவு வராது.

லூயிஸ் பூர்ஷ்வாவின் சிலந்தியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், இருந்தாலும் தாண்டிப் போக முடியவில்லை. 1999இல், எண்பத்தேழு எண்பத்தெட்டு வயதில் செய்தது. 30 அடிக்கு மேல் உயரமான எஃகுச் சிலந்தி. அடிவயிற்றில் கம்பிப் பை, பைக்குள் பளிங்கு முட்டைகள். பெயர் 'அம்மா'. அவருடைய அம்மா பழைய திரைச்சீலைச் சித்திரங்களைப் பழுது பார்த்து நெய்பவர். கிழிந்ததை இழை இழையாகக் கோத்துச் சரிசெய்வது குடும்பத் தொழில். 1947லேயே சிலந்தியை வரைய ஆரம்பித்து, ஐம்பது வருடம் கழித்து இவ்வளவு பெரிதாகச் செய்திருக்கிறார். அதன் கால்களுக்கு நடுவே நிற்பவர்களின் படங்களைப் பாருங்கள். எல்லோரும் அண்ணாந்து முட்டைப் பையைப் பார்க்கிறார்கள். பயமா பாதுகாப்பா என்று அவர்கள் முகங்களிலிருந்து சொல்ல முடியாது. நம் அம்மாக்களை அண்ணாந்து பார்த்தபோது நாமும் அப்படித்தான் இருந்திருப்போம்.

இதே நேரத்தில் வேறு கண்டங்களில் பெண்கள் வேறு விலங்குகளைத் தேடிப் போனார்கள். கென்யாவில் பிறந்த வாங்கெச்சி முட்டு 2020இல் வெண்கலத்தில் ஒரு முதலையும் பெண்ணும் செய்தார். முதலை மேல் பெண் இருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் நெருங்கினால் செதிள் எங்கே முடிகிறது, தொடை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. தென்னாப்பிரிக்கக் கலைஞர் நந்திபா ம்ன்டாம்போ 2008இல் எடுத்த தன்னுருவப் படத்துக்கு யூரோப்பா என்றே பெயர் வைத்தார். அதில் காளையின் முதுகில் பெண் இல்லை. காளை முகத்தோடு இருப்பவளே அவள்தான். கடத்தியவனும் கடத்தப்பட்டவளும் ஒரே முகத்துக்குள் வந்துவிட்ட பிறகு பழைய கதையை எங்கிருந்து தொடங்குவது? பாரதி கேர் 2006இல் செய்த பெண் யானை, கண்ணாடியிழையில் உண்மை அளவு, தரையில் சரிந்து கிடக்கிறது; தோல் முழுக்க விந்தணு வடிவ வெள்ளைப் பொட்டுகள். அது விழுகிறதா எழுகிறதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. பொட்டு வைத்தால் அழகு என்று பழகிய கண்ணுக்கு, ஆயிரக்கணக்கான பொட்டுகள் ஒரு யானையின் தோலைத் தின்பதுபோல் தெரிவதுதான் அதன் சாமர்த்தியம்.

சிரிக்க ஒன்று. 1985இல் நியூயார்க்கில் கலையுலகப் பாகுபாட்டை எதிர்த்துப் பெண் கலைஞர்கள் சிலர் ஒரு குழு ஆரம்பித்தார்கள். 'கெரில்லா கேர்ள்ஸ்' என்று பெயர்; கெரில்லா என்றால் மறைந்திருந்து தாக்கும் போராளி. பெயரை எழுதும்போது ஒருவர் எழுத்துப் பிழை செய்துவிட, கெரில்லா கொரில்லா ஆகிவிட்டது. ஆனால் ஆகட்டும் என்று கொரில்லா முகமூடி மாட்டிக்கொண்டார்கள், இன்றுவரை கழற்றவில்லை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் நுழையப் பெண் நிர்வாணமாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்ட அவர்களுடைய 1989 சுவரொட்டி புகழ்பெற்றது. நவீனக் கலைப் பிரிவில் இடம்பெற்ற கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரின் புகழ்பெற்ற நிர்வாணப் பெண்ணுக்கு அதில் கொரில்லாத் தலையை ஒட்டியிருந்தார்கள். பெண்ணும் காட்டு விலங்கும் சேர்ந்த படங்களில் "விலங்குக்கு என்ன வேலை?" என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் வருவது இதில்தான். முகத்தை மறைக்கிற வேலை. முகம் தெரிந்தால் அடுத்த கண்காட்சி கிடைக்காது.

இதுவரை எழுதியதைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். "பொண்ணுங்க தப்பிச்சுட்டாங்க, சந்தோஷம். கரடி?" என்றாள்.

அவள் சொல்வது நியாயம். பெண்கள் உவமைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார்கள். விலங்குகள் வந்தனவா? ஓநாய் கோபமாக, சிலந்தி அம்மாவாக, முதலை ஆற்றலாக இன்னும் யாருக்காகவோ நிற்கத்தானே செய்கின்றன? வெண்கலமும் பென்சிலும் என்றால் யாருக்கும் வலிக்காது. உயிருள்ள விலங்கைக் கூட்டி வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

1974இல் ஜெர்மன் கலைஞர் ஜோசஃப் பாய்ஸ் நியூயார்க் கலைக்கூடம் ஒன்றில் கயோட்டி என்ற வட அமெரிக்கக் காட்டு நாயோடு சில நாட்கள் அடைந்து கிடந்தார். கம்பளம், கைத்தடி, மந்திரவாதிக் கோலம். நாகரிகத்துக்கும் காட்டுக்கும் சமரசம் செய்துவைக்கும் நாயகனாக ஆண் கலைஞர். கயோட்டி அங்கே விரிக்கப்பட்டிருந்த செய்தித்தாள் மேல் சிறுநீர் கழித்தது. அந்த நிகழ்வில் என் ஓட்டு அதற்குத்தான்.

ஃபேஷன் உலகம் இன்னும் வெளிப்படையானது. புகைப்படக்காரர் ரிச்சர்டு அவெடன் 1955இல் பாரிஸ் சர்க்கஸ் அரங்கில் எடுத்த படம்: டியோர் நிறுவனத்தின் கருப்பு உடுப்பில் டோவிமா என்ற மாடல், இருபுறமும் யானைகள். வெள்ளைத் துணிப்பட்டை அருவிபோல் இறங்குகிறது. கச்சிதமான படம், அதில் சந்தேகமில்லை. பலமுறை பார்த்தும் நான் கீழே பார்த்ததில்லை. கீழே யானைகளின் கால்களில் சங்கிலி.

என் கரடியும் அந்த வம்சம்தான். மாஸ்கோவின் கத்தரினா ப்ளோட்னிகோவா போன்ற புகைப்படக் கலைஞர்கள் பிரபலமாக்கிய பாணி அது. கணினியில் ஒட்டியதில்லை, உண்மையான விலங்குகள், பயிற்சி பெற்றவை. எந்தத் துன்புறுத்தலும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. எடுத்தவர்கள் விலங்குகளை நேசிப்பவர்களாகவே இருக்கலாம். ஆனால் சட்டகத்துக்கு வெளியே ஒரு பயிற்றுநர் நிற்கிறார். பெண்ணையும் காட்டையும் பிணைப்பதாகச் சொல்லும் படத்தில், காட்டை விட்டு எப்போதோ வந்துவிட்ட ஒரு கரடி. இப்போது செயற்கை நுண்ணறிவில் இதே படங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன. அதில் கரடியும் இல்லை, பெண்ணும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. ஒருவிதத்தில் கரடிக்கு விடுதலைதான்.

விலங்கை விலங்காகவே விட்ட பெண் கலைஞர்கள் இல்லையா என்று தேடினேன். ஐஸ்லாந்தின் பிரிண்டீஸ் ஸ்னைபியோர்ன்ஸ்டோட்டிர் தன் துணைவர் மார்க் வில்சனோடு சேர்ந்து, பிரிட்டனில் எங்கெங்கே பாடம் செய்யப்பட்ட பனிக்கரடிகள் இருக்கின்றன என்று சில வருடங்கள் தேடி அலைந்தார். அருங்காட்சியகங்கள், மாளிகைகள், கிடங்குகள் என்று 34 கரடிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் யாரால், எங்கே சுடப்பட்டது, யார் கை மாறி வந்தது என்று தோண்டினார்கள். பத்துக் கரடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் ஒரே கூடத்தில் நிறுத்தினார்கள். படத்தில் பெண் இல்லை. அவள் பின்னால் நின்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணைக் கொடுத்துவிட்டுப் போன மான் எங்கே மேய்ந்தது என்று கேட்க ஒருவர் வந்துவிட்டார் என்று தோன்றியது.

நினா கட்சடூரியன் செய்தது இதைவிடச் சின்னது. 1998இல் பின்லாந்தில், கிழிந்து கிடந்த சிலந்தி வலைகளைப் பழுது பார்க்கப் புறப்பட்டார். சிவப்பு நூல், கொஞ்சம் பசை, இடுக்கி. ஓட்டை விழுந்த இடங்களில் நூலை அளந்து வெட்டி, கண் வலிக்க வலிக்கக் கோத்தார். பூர்ஷ்வாவின் அம்மா செய்த அதே வேலை, ஆனால் இங்கே உண்மையான நெசவாளியின் வீட்டில். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சிவப்பு நூல்கள் தரையில் கிடந்தன. இரவோடு இரவாகச் சிலந்தி அவற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு, தன் இழையால் தானே வலையைச் சரிசெய்திருந்தது. அடுத்தடுத்துச் செய்தபோதும் அப்படியே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நிராகரிக்கப்பட்ட ஒட்டுகளைப் பொறுக்கி எடுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டார்.

இப்போது என் முகப்பில் அந்தப் படங்களில் ஒன்று இருக்கிறது. பச்சைப் புதருக்கு நடுவே ஒரு வலை, வலையில் கோணல்மாணலாகக் கொஞ்சம் சிவப்பு நூல். போன வாரம் தோழி வந்தபோது அவளே கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள்.

"சிலந்தி எங்கடி?"

"ராத்திரிதான் வருமாம்," என்றேன்.